குண்டானுக்குள் ஒரு கை

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எனக்கு வயிற்றெரிச்சல். மற்ற நாளெல்லாம் கும்பிடவும் கேள்வி கேட்கவும் பெரியவர்கள் வருகிற குடிலுக்கு, அன்றைக்கு மட்டும் இருபது பிள்ளைகள் வந்து இறங்கும். நேரே என் சமையல்கட்டுக்குள் புகும். எலுமிச்சம்பழத்தில் ஆணி குத்தும், சோடா உப்பைப் பொங்கவைக்கும், முட்டையே நுழையாத இடத்தில் முட்டையைக் கொண்டுவந்து வினிகரில் ஊறப்போடும். துடைப்பது யார்? நான்.

என் பெயர் கைலாசம். முப்பது வருடம் கல்யாண மண்டபங்களில் கரண்டி பிடித்தவன். முட்டி தேய்ந்தபின் இங்கே வந்து ஒட்டிக்கொண்டேன். ஆத்தூரைத் தாண்டி மலையடிவாரத்தில் ஓடு வேய்ந்த நாலு அறை, ஒரு கிணறு. அதுதான் குடில். எங்களுக்கு குரு திலகவதித் தாயி. வயது நாற்பத்தொன்று. முன்பு நடுநிலைப்பள்ளியில் அறிவியல் டீச்சராக இருந்தவர். பிள்ளைகள் இன்றைக்கும் டீச்சர் என்றுதான் கூப்பிடும். நாங்கள் தாயி என்போம். என்னைப்போல அறுபதைத் தாண்டினவர்களும் அப்படித்தான்.

தாயியிடம் கேள்வி கேட்டால் லேசில் பதில் வராது. ஒன்று, திருப்பி ஒரு கேள்வி கேட்பார். இல்லாவிட்டால் ஒரு வேலை கொடுப்பார். பதில் கிடைக்காமலே திரும்பிப் போனவர்கள் எத்தனையோ பேர். போகாமல் இருந்துவிட்டவர்களில் ஒருவர் சீரங்கன்.

சீரங்கன் வந்தது போன மாசி மாதம். அறுபத்திரண்டு வயது, நல்ல ஆகிருதி. சேகோ மில்லில் முப்பத்தைந்து வருடம் வேலை பார்த்தவர். மரவள்ளி என்கிற குச்சிக்கிழங்கை அரைத்து, பால் எடுத்து, மாவாக்கி, ஜவ்வரிசி செய்கிற மில். அந்தப் பாலைப் பெரிய தொட்டிகளில் விட்டுவைப்பார்கள். மாவு அடியில் தங்கும், தண்ணீர் மேலே நிற்கும். அப்படி ஒரு தொட்டியில் தவறி விழுந்துதான் அவருடைய தம்பி செங்கோடன் தை மாதம் செத்துப்போனார். அண்ணன் கண்ணெதிரில். கண்ணெதிரில் என்ன, அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டே செத்துப்போனார்.

முப்பதாம் நாள் காரியம் முடிந்த கையோடு சீரங்கன் வீட்டைவிட்டுக் கிளம்பி இங்கே வந்தார். செருப்பைக்கூடக் கழற்றவில்லை. வாசலில் நின்றபடியே கேட்டார்.

"என் தம்பி செத்ததுக்கு நான் காரணமா, இல்லையா? ஒரே வார்த்தை சொல்லுங்க தாயி. நீங்க சொன்னா நம்பிக்கிறேன்."

"நடந்தது என்னங்கய்யா?"

"விழுந்தான். காலு மாவுல மாட்டிக்கிச்சு. இழுத்தேன். வரல. செத்துட்டான்."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதானுங்க."

தாயி பின்கட்டுப் பக்கம் பார்த்தார்.

"அப்ப எனக்குத் தெரியலைங்கய்யா. பின்னால வெறகு கெடக்கு. பொளந்து போடறீங்களா?"

பிளந்து போட்டார். பத்து மாதம் பிளந்து போட்டார். எனக்கு இரண்டு வருடத்துக்குக் காணும் விறகு. மாதம் ஒரு தடவை பௌர்ணமியன்று வந்து அதே கேள்வியைக் கேட்பார். தாயி அதே கேள்வியைத் திருப்பிக் கேட்பார். அவர் அதையே சொல்லுவார். விழுந்தான், மாட்டிக்கிச்சு, இழுத்தேன், வரல. உடனே தாயி ஒரு வேலை சொல்லுவார். கிணறு தூர் வாரினார். ஓடு மாற்றினார். கேள்வி மட்டும் அப்படியே கிடந்தது.

எனக்குப் பொறுக்கவில்லை. ஒருநாள் நறுக்கென்று கேட்டுவிட்டேன்.

"ஏன் தாயி, இல்லைன்னு ஒரு வார்த்தை சொன்னா என்ன கொறைஞ்சு போயிரும்? மனுசன் அரை ஆளா ஆயிட்டாரு. ஒரு கை சோத்துக்கு மேல இறங்க மாட்டேங்குது. ஆக்கிப்போடறவனுக்குத்தான் தெரியும் அந்த வலி."

"நீங்க சொன்னீங்களா?"

"நூறு தடவை சொன்னேன்."

"மில்லுக்காரங்க?"

"எல்லாரும்தான் சொல்லியிருக்காங்க. போலீசு, டாக்டரு, ஊருக்காரங்க, எல்லாரும். உங்க மேல தப்பில்லைன்னு."

"போதலையே" என்று சொல்லிவிட்டுத் தாயி எழுந்து போய்விட்டார். எனக்குக் கோபம் வந்தது. படித்தவர்களுக்கு ஈரமே கிடையாது என்று அடுப்படியில் பாத்திரங்களிடம் சொல்லிக்கொண்டிருந்தேன்.

மார்கழி பிறந்ததும் என் போனுக்கு ஒரு அழைப்பு வந்தது. செங்கோடனின் பெண்சாதி பொன்னாயி.

"மாமா அங்கதானே இருக்காரு? வருசத் திதி வருதுங்க. அவரு பக்கத்துல நின்னாத்தான் என் பையன் எள்ளும் தண்ணியும் விடுவான். வேற யாரையும் வச்சு விடமாட்டேங்கறான். வரச் சொல்லுங்க."

அந்தப் பெண் போனைக் கொடுங்கள் என்று கேட்கவில்லை. புருசனின் அண்ணனான மூத்தாரிடம் போனில் பேசிப் பழக்கமில்லை போலிருக்கிறது. ஒன்றுமட்டும் சேர்த்துச் சொன்னாள்.

"கடைசியா எங்க வீட்டுக்காரரு என்ன சொன்னாருன்னு மாமாவுக்குத்தான் தெரியும். அதை ஒருதரம் கேக்கணும். அவ்வளவுதான்."

விறகு பிளக்கிற இடத்துக்குப் போய்ச் சொன்னேன். சீரங்கன் கோடாலியைக் கீழே வைத்துவிட்டு உட்கார்ந்தார். அந்தக் கடைசி வார்த்தை விஷயத்தைச் சொன்னதும் அவர் முகம் செத்துப்போனது.

"தாயி ஒரு வார்த்தை சொல்லாம நான் போகமாட்டேன் கைலாசம். எந்த மூஞ்சிய வச்சுக்கிட்டு அவ எதிர்ல நிக்கறது?"

"போகாட்டி?"

"போகாட்டி இப்படியே எங்கயாச்சும் போயிட வேண்டியதுதான். திரும்பற ஊரு இல்ல எனக்கு."

அதை அவர் சொன்ன விதம் எனக்குப் பிடிக்கவில்லை. மூன்று நாள் அவர் பின்னாலேயே கண்ணை வைத்திருந்தேன்.

திதிக்கு இன்னும் பத்து நாள் இருக்கும்போது ஒரு ஞாயிறு வந்தது. தாயி முந்தின நாளே சொல்லியிருந்தார்.

"சோளமாவு அஞ்சு கிலோ வேணுங்க கைலாசம்."

"அஞ்சு கிலோவா? சூப்பு வைக்கவா, ஊருக்கு வெள்ளையடிக்கவா?"

"வெளையாடறதுக்கு."

மண்ணாங்கட்டி என்று நினைத்துக்கொண்டு கடைக்குப் போனேன். கடைக்காரர் சோளமாவு இத்தனூண்டு டப்பாவில்தான் இருக்கிறது என்றார். மூட்டையாகக் குச்சிக்கிழங்கு மாவு இருக்கிறது, அதுவும் இதுவும் ஒன்றுதான், கரைத்தால் வித்தியாசம் தெரியாது என்றார். வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன். எந்த மாவு, யார் இருக்கிற இடத்துக்குக் கொண்டுபோகிறோம் என்கிற புத்தி எனக்கு வரவில்லை. சாமி சத்தியமாக வரவில்லை. தாயிக்கும் தெரியாது. நான் சொல்லவில்லை, அவர் கேட்கவில்லை. வெள்ளையாக இருந்தது, அவ்வளவுதான்.

என் பெரிய குண்டானை எடுத்தார்கள். நாற்பது பேருக்குச் சாம்பார் வைக்கிற, அகலமில்லாத ஆழமான குண்டான். மாவைக் கொட்டி, தாயி தண்ணீரைச் செம்பு செம்பாக விட்டார். பிள்ளைகள் சுற்றி நின்று கைவிட்டுக் கலக்கின.

"டீச்சர், கலக்க முடியல. கெட்டியா இருக்கு."

"மெதுவாக் கலக்கு."

"ஐய, இப்ப கலங்குது."

"இப்ப ஒரு குத்து விடு."

ஒரு பையன் ஓங்கிக் குத்தினான். மாவு தெறிக்கவில்லை. அவன் கைதான் வலித்தது. உதறிக்கொண்டே நின்றான்.

"இது தண்ணியா, கல்லா?" என்று தாயி கேட்டார்.

"கல்லு."

"வெரலை வச்சுப் பாரு."

விரலை வைத்தான். விரல் பாட்டுக்கு உள்ளே போனது.

"தண்ணி டீச்சர்."

"இப்பத்தானே கல்லுன்னே?"

பிள்ளைகளுக்கு ஒரே கும்மாளம். ஒருத்தி ஒரு கை அள்ளி உருட்டினாள். உருட்டுகிறவரைக்கும் கொழுக்கட்டைபோல உருண்டையாக நின்றது. உருட்டுவதை நிறுத்தினதும் விரலிடுக்கில் வழிந்து என் தரையில் ஒழுகியது. நான் பல்லைக் கடித்துக்கொண்டேன். ஒரு சின்னவன் ஸ்பூனை வேகமாக இழுத்தான், குண்டானே அசைந்தது. மெதுவாக இழுத்தான், ஸ்பூன் தானாக வந்தது.

"இதுக்கு என்ன பேரு டீச்சர்?"

"நீங்களே ஒண்ணு வைங்க."

"கஞ்சிக்கல்லு" என்றாள் கனிஷ்கா என்கிற ஏழு வயதுப் பெண். எல்லாரும் சிரித்தார்கள். தாயியும் சிரித்தார். அவர் சிரித்து நான் பார்த்து வெகுநாள் ஆகிவிட்டிருந்தது.

"ஏன் டீச்சர் இப்படி?"

"மாவு துணுக்கு துணுக்கா இருக்கு, நடுவுல தண்ணி இருக்கு. மெதுவாப் போனா தண்ணி வழுக்கி வழி விடும். அவசரப்பட்டா தண்ணி ஒதுங்கறதுக்குள்ள மாவு ஒண்ணோட ஒண்ணு நெருக்கி இறுகிக்கும். அவ்வளவுதான்."

அந்த நேரத்தில் கிணற்றடியிலிருந்து யாரோ கூப்பிட்டார்கள் என்று தாயி வெளியே போனார். கூட இருந்த நான் பாத்திரம் ஒதுக்கத் திரும்பினேன். குண்டானுக்குள் அடியில் என்ன இருக்கிறது, தொட்டுப் பார்க்கிறாயா என்று யாரோ அந்தக் கனிஷ்காவை உசுப்பேற்றியிருக்க வேண்டும். மணிக்கட்டைத் தாண்டிக் கையை விட்டுவிட்டாள்.

"வரமாட்டேங்குது தாத்தா."

முதலில் விளையாட்டாகத்தான் சொன்னாள். இழுத்தாள், வரவில்லை. இன்னும் வேகமாக இழுத்தாள், குண்டான் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு டங்கென்று விழுந்தது. அவ்வளவுதான், அழ ஆரம்பித்தாள். மற்றதுகளும் கத்தின. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அவள் தோளைப் பிடித்து நானும் இழுத்தேன். அவள் வீரிட்டாள்.

"இழுக்காதீங்க."

பின்வாசலில் சீரங்கன் நின்றார். பிள்ளைகள் வருகிற நாளில் அவர் சமையல்கட்டுப் பக்கமே எட்டிப்பார்க்க மாட்டார். இந்தப் பத்து மாதத்தில் அவர் குரல் உயர்ந்து நான் கேட்டதும் இல்லை.

"கையை எடுங்க கைலாசம். தொடாதீங்க பிள்ளைய."

எடுத்துவிட்டேன். அவர் வந்து குண்டானுக்கு எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார். அந்த மாவைப் பார்த்தார். மூக்கை ஒருதரம் உறிஞ்சினார். கிழங்கு மாவுக்கு ஒரு புளிச்ச வாசம் உண்டு. அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. என்ன வாங்கிக்கொண்டு வந்திருக்கிறேன் என்று அப்போதுதான் உறைத்தது.

அவர் அந்தப் பிள்ளையின் பக்கம் குனிந்தார்.

"கண்ணு, என்னைப் பாரு. அழுவாத. உங் கையைத் தூங்கப் போடு. கை தூங்குது, சரியா?"

"ம்."

"இழுக்கவே கூடாது. சுண்டுவெரல மட்டும் ஆட்டு. ஆடுதா?"

"ஆடுது."

"இப்ப அடுத்த வெரலு. தண்ணி உள்ள போகட்டும். அதுக்கு நேரம் குடு. நமக்கு ஒண்ணும் அவசரமில்ல. நீ இன்னிக்கு என்ன சாப்பிட்ட?"

"தோசை."

"எத்தனை?"

"ரெண்டு."

"தொட்டுக்க?"

பேசிக்கொண்டே தன் கையை அவள் கையோடு ஒட்டி உள்ளே விட்டார். மணிக்கட்டைச் சுற்றி விரலால் மெல்ல மெல்ல வழி பண்ணினார். நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. அவள் தேங்காய்ச் சட்னி என்று சொல்லி முடிப்பதற்குள் கை வெளியே இருந்தது. வெள்ளையாக, ஒரு கீறல் இல்லாமல்.

பிள்ளைகள் கைதட்டின. கனிஷ்கா சிரித்துவிட்டு, மறுபடி விடட்டுமா என்று கேட்டாள்.

தாயி வாசலில் நின்றிருந்தார். எப்போது வந்தார் என்று எனக்குத் தெரியாது.

"எல்லாரும் கெணத்தடிக்குப் போய்க் கையைக் கழுவுங்க. கழுவிட்டு வெளையாடுங்க. உள்ள வரவேண்டாம்."

போய்விட்டார்கள். சமையல்கட்டில் நாங்கள் மூன்று பேர்தான். சீரங்கன் உட்கார்ந்த இடத்தைவிட்டு எழவில்லை. கையில் மாவு காய்ந்துகொண்டிருந்தது. தாயியும் வந்து எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"கிழங்கு மாவா?" என்று என்னைக் கேட்டார்.

தலையை ஆட்டினேன். 

தாயி சீரங்கனிடம் திரும்பினார்.

"எங்க கத்துக்கிட்டீங்கய்யா இதை?"

"தொட்டியில."

"எப்ப?"

"வேலைக்குச் சேந்த மொத வருசம். காலு மாட்டாத ஆளு எந்த மில்லுலயும் இல்லைங்க. புதுசா வர்றவனுக்கு மொத நாளே சொல்லித் தர்றது இதுதான். மாட்டிக்கிட்டா உதறாதே, கால் வெரல ஆட்டு, பொறுமையா உருவு. நான்தான் சொல்லித் தருவேன். என்னைத்தான் கூப்பிடுவாங்க. முப்பத்தஞ்சு வருசத்துல பதினோரு பேர எடுத்திருக்கேன். இடுப்பு வரைக்கும் போனவனைக்கூட எடுத்திருக்கேன். ஒருத்தனுக்கும் ஒரு நகம் பேர்ந்ததில்ல."

நான் அவரையே பார்த்தேன். இழுத்தேன், வரல என்று பத்து மாதமாகச் சொன்ன மனுசன். மாவுல மாட்டினவனை எடுக்க யாருக்குத் தெரியும், என்ன பண்ண முடியும் என்று நான் நூறு தடவை ஆறுதல் சொன்னபோதெல்லாம் தலையை ஆட்டிக் கேட்டுக்கொண்டிருந்த மனுசன்.

 சீரங்கனே மேலே சொன்னார். குரல் உயரவும் இல்லை, தாழவும் இல்லை.

"காலையில ஏழரை மணி. செங்கோடன் தொட்டி ஓரத்துல நடந்தான். வழுக்கிருச்சு. தொடை வரைக்கும் மாவுல, மேல மாரு வரைக்கும் தண்ணி. அவ்வளவுதான் ஆழம். அவன் பயப்படவே இல்லைங்க. சிரிச்சான். அண்ணா வான்னான். நான் வந்து எடுத்துருவேன்னு அவனுக்குத் தெரியும். மோட்டாரை நிறுத்தியாச்சு. தண்ணியும் ஏறல. நேரம் இருந்தது. எவ்வளவு வேணும்னாலும் நேரம் இருந்துச்சு."

"ம்."

"ஓரத்துல குப்புறப் படுத்து அவன் ரெண்டு கையையும் புடிச்சேன். அப்ப கொஞ்சம் கீழ இறங்கினான். ஒரு சாண்கூட இருக்காது. தண்ணி கழுத்துக்கு வந்துச்சு. அத்தோட எனக்கு எல்லாம் மறந்து போச்சு. எனக்கு எட்டு வயசுல அவனைத் தூக்கிக்கிட்டுத் திரிஞ்சதுதான் ஞாபகம் வந்துச்சு. இழுத்தேன். என் பலம் எல்லாத்தையும் வச்சு இழுத்தேன். நான் இழுக்க இழுக்க காலு இறுகிச்சு. காலு அங்கயே நிக்குது, ஒடம்பு என் பக்கம் சாயுது. மூஞ்சி தண்ணிக்குள்ள போகுது. நான் மூஞ்சியப் பாக்கல தாயி. காலை எடுக்கணும், காலை எடுக்கணும்னே இழுத்தேன்."

கிணற்றடியில் பிள்ளைகள் சிரிக்கிற சத்தம் கேட்டது. எழுந்துபோய்க் கதவைச் சாத்தலாமா என்று நினைத்தேன். சாத்தவில்லை.

"தண்ணிக்கு மேல வந்தப்பல்லாம் ஒண்ணு சொன்னான். 'மெதுவாண்ணா.' ரெண்டு தரம் சொன்னான். மூணாவது தரம் பாதிதான் வந்துச்சு. நான் சொல்லிக்குடுத்ததை எனக்கே சொன்னான். எனக்குக் காதுல விழுந்துச்சு. விழுந்தும், கத்தறானே, சாகறானேன்னு இன்னும் வேகமா இழுத்தேன்."

 காய்ந்த மாவை விரலிலிருந்து உரித்தார்.

"அவன் கை தளந்ததுக்கப்புறம்தான் நான் விட்டேன். விட்ட ஒடனே காலு லேசா ஆச்சு. மத்தவங்க வந்து உருவினப்ப சுலபமா வந்துருச்சு. இதை நான் யாருகிட்டயும் சொன்னதில்லைங்க. போலீசுல சொல்லல. பொன்னாயிகிட்டச் சொல்லல."

 ஏதாவது சொல்லாவிட்டால் செத்துவிடுவேன் போலிருந்தது.

"விடுங்க சீரங்கன். யாரா இருந்தாலும் அந்த நேரத்துல அப்படித்தான் ஆகும். விதி. உங்க தப்பு ஒண்ணுமில்ல. தாயி, சொல்லுங்க. இல்லைன்னு சொல்லிருங்க, உங்களுக்குப் புண்ணியமாப் போகும்."

தாயி என்னைப் பார்க்கவில்லை. சீரங்கனும் என்னைப் பார்க்கவில்லை.

"தாயி, மாசா மாசம் கேட்டேன். இன்னிக்கும் கேக்கறேன். என் தம்பி செத்ததுக்கு நான் காரணமா, இல்லையா?"

"ஆமாங்கய்யா."

ஒரே வார்த்தை. அவர் கேட்டது அதுதான். தாயியின் கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது, துடைத்துக்கொள்ளவில்லை. எனக்கு அவர்மேல் வந்த ஆத்திரத்தை என்னவென்று சொல்வது. பத்து மாதம் பொறுத்திருந்து, ஒரு மனுசன் நெஞ்சைத் திறந்து காட்டின நேரத்தில் அதிலேயே குத்துகிறாரே இந்தப் பெண்பிள்ளை என்று நினைத்தேன். இந்த இடமும் வேண்டாம், இந்த ஞானமும் வேண்டாம், நாளைக்கே மூட்டையைக் கட்டிவிட வேண்டும் என்று நினைத்தேன்.

சீரங்கன் உடைந்து அழுவார் என்று பார்த்தேன். அழவில்லை. இல்லை என்று ஊரே சொல்லும்போது ஒருதரம்கூட நிமிராத தலை, அப்போது நிமிர்ந்தது. தாயியை நேராகப் பார்த்தார்.

"பொன்னாயி கேப்பா. கடைசியா என்ன சொன்னாருன்னு கேப்பா."

"சொல்லுங்க."

"மெதுவாண்ணான்னு சொன்னான்னா?"

"ஆமாங்கய்யா."

"அதைக் கேட்டப்புறம் என்னை வாசப்படி ஏத்துவாளா?"

"தெரியாதுங்க."

"அந்தப் பையன் எம் பக்கத்துல நின்னு தண்ணி விடுவானா?"

"அதுவும் எனக்குத் தெரியாதுங்கய்யா. விடாமலும் போகலாம்."

"விடமாட்டான்" என்றார் சீரங்கன். "விடக்கூடாது."

தாயி மறுத்துப் பேசவில்லை. ஒரு பொய்யாவது சொல்லக்கூடாதா என்று எனக்கு இருந்தது. மூன்று பேரும் அப்படியே உட்கார்ந்திருந்தோம்.  அடுப்பில் வைத்த உலை கொதித்து, வற்றி, அடிப்பிடிக்கிற வாசம் வந்தது. முப்பது வருடத்தில் என் உலை அடிப்பிடித்ததில்லை. போய் இறக்க எனக்குத் தோன்றவில்லை.

கடைசியில் சீரங்கன்தான் பேசினார். இந்தத் தடவை கேள்வி வேறாக இருந்தது. இத்தனை மாதமும் இதைக் கேட்பதற்குத்தான் பயந்துகொண்டு மற்றதைக் கேட்டிருக்கிறார் என்று எனக்குப் பட்டது.

"தெரியாதவன் இழுத்திருந்தா சரி. எனக்குத் தெரியும் தாயி. இந்தக் கைக்குத் தெரியும். இப்பக்கூடப் பாத்தீங்கல்ல, அந்தப் பிள்ளை யாரு பெத்ததோ, பேருகூட எனக்குத் தெரியாது, பூ மாதிரி எடுத்தேன். அந்தப் பதினோரு பேர்ல பாதிப் பேரு எனக்கு ஆகாதவனுங்க. ஒருத்தன் எங்கூட வரப்புச் சண்டை போட்டவன். அவனைக்கூட அவசரப்படாம, கதை பேசிக்கிட்டே எடுத்தேன். எங்கூடப் பொறந்தவனுக்கு மட்டும் ஏன் இந்தக் கை அப்படிப் பண்ணுச்சு?"

இரண்டு கைகளையும் தாயியின் முன்னால் நீட்டினார். வெள்ளை வெள்ளையாகத் திட்டு ஒட்டியிருந்தது.

தாயி அந்தக் கைகளைத் தன் இரண்டு கைகளிலும் வாங்கிக்கொண்டார். ஒட்டியிருந்த மாவைக் கட்டைவிரலால் தேய்த்து எடுத்தார். பிறகு, பள்ளிக்கூடத்தில் பாடம் சொன்ன அதே குரலில் சொன்னார்.

"அன்னிக்கு உங்க தம்பி இல்லாம வேற யாரு விழுந்திருந்தாலும் பொழைச்சிருப்பாங்கய்யா."